நிஜமா, நாடகமா? காட்சிக் கூடைப்பந்து ஆட்டக்காரரின் தொழில்

அமெரிக்காவின் ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் கூடைப்பந்து அணியின் வீடியோவை முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இது நிஜ மேட்ச்சா, செட்டப்பா?" இரண்டும்தான். ஸ்கோர்போர்டு ஓடும், நடுவர் விசில் ஊதுவார், எதிரணியும் கூடை போடும். நடுவில் சில நிமிடம் மட்டும் முன்கூட்டியே பேசி வைத்த நாடகம் நடக்கும், அப்போது எதிரணி குறுக்கே வராது. அது முடிந்ததும் மறுபடி ஆட்டம் தொடரும். இதைத்தான் காட்சி ஆட்டம் என்கிறோம். இதில் புள்ளிப்பட்டியல் கிடையாது, கோப்பை கிடையாது. காசு கொடுத்து வந்தவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாரா என்பதுதான் கணக்கு.

அந்த ஆட்டக்காரர்களைக் கோமாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. கீழே இருக்கும் கூடைப்பந்து முதல்தரமாக இல்லாவிட்டால் மேலே போடும் வேடிக்கை எடுபடாது. இந்த அணி வளர்ந்த கதையே அதற்குச் சாட்சி.

பெயரில் ஹார்லெம் இருந்தாலும் அணி பிறந்தது சிகாகோவில், 1920-களின் பிற்பகுதியில். தெற்குச் சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் ஆடிய அணியை ஏப் சேப்பர்ஸ்டீன் என்ற குள்ளமான, வாய்ச்சாலக்கு மிகுந்த மனிதர் கையில் எடுத்து, சிற்றூர் சிற்றூராகக் காரில் கூட்டிக்கொண்டு போனார். ஆடுபவர்கள் கறுப்பினத்தவர் என்பது விளம்பரத்தைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் பெருமளவில் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் பெயர். உண்மையான ஹார்லெமில் அவர்கள் முதன்முதலாக ஆடியது 1968-ல்!

வேடிக்கை உள்ளே வந்ததற்குக் காரணம் நடைமுறைச் சிக்கல். உள்ளூர் அணியை 50 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கினால் அடுத்த வருஷம் அந்த ஊரில் கூப்பிட மாட்டார்கள். இன்னொரு சிக்கல், காரில் ஐந்தாறு பேருக்குமேல் ஏற்ற முடியாது, மாற்று ஆட்டக்காரர் கிடையாது, அடுத்த நாள் இன்னொரு ஊர். முன்னிலை உறுதியானதும் ஒருவர் பந்தைத் தட்டித் தட்டி எதிரணியைச் சுற்றவிட்டு ரசிகர்களைச் சிரிக்க வைத்தால், மற்ற நால்வரும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். களைப்பைச் சமாளிக்கச் செய்த தந்திரம்தான் பின்னாளில் தொழிலாகவே ஆனது.

ஆட்டத்தின் தரத்தில் அப்போது யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 1940-ல் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியை இவர்கள் வென்றார்கள். 1948 பிப்ரவரியில், அக்காலத்தின் பெரிய நட்சத்திரமான ஜார்ஜ் மைகன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸை 61-59 என்று தோற்கடித்தார்கள். கடைசி நொடியில் எர்மர் ராபின்சன் தூரத்திலிருந்து போட்ட கூடை அது. 1950-ல் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தபோது, நேட் கிளிஃப்டன் இந்த அணியிலிருந்துதான் நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். அதன்பின் சிறந்த இளைஞர்கள் என்பிஏ பக்கம் போகத் தொடங்க, குளோப்ட்ராட்டர்ஸ் வேடிக்கையை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டது.

இனி ஆட்டத்துக்குள் போவோம். இந்த அணியில் பாயிண்ட் கார்டு, சென்டர் என்ற வழக்கமான ஆட்டப் பிரிவுகளைவிட வேறு பிரிவுகள்தான் முக்கியம். ஷோமேன் ஒருவர், பேச்சும் நகைச்சுவையும் அவர் பொறுப்பு. பந்தைத் தரையில் தட்டித் தட்டிக் கொண்டுபோகும் டிரிபிளர் ஒருவர். தூரத்திலிருந்து போடும் ஷூட்டர்கள். பறந்து, பந்தைக் கூடைக்குள் மேலிருந்து திணித்து டங்க் அடிப்பவர்கள். ஷோமேன் நிற்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள்: பெரும்பாலும் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம், கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எல்லாப் பாஸும் அவர் கை வழியாகப் போகும், நடுவர் பக்கத்திலேயே இருப்பார், அரங்கம் முழுவதும் அவர் முகத்தைப் பார்க்கும். ஓட்டமும் குறைவு என்பதால் பேசுவதற்கு மூச்சு மிச்சம் இருக்கும். இந்த இடத்தை ஒரு மேடையாக்கியவர் 1940-களில் ஆடிய ரீஸ் 'கூஸ்' டேட்டம். பின்னால் 1950-களின் நடுவிலிருந்து 1978 வரை மெடோலார்க் லெமன் அதே இடத்தில் நின்றார். மைதானத்தின் பாதியிலிருந்து ஒற்றைக் கையைத் தலைக்கு மேலே வளைத்து அவர் போடும் ஹூக் ஷாட் புகழ்பெற்றது. பாதிக்கோட்டிலிருந்து கூடை 12 மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அதை ஹூக்காகப் போட வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் தினமும் போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

எதிரணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழில் புரியாது. 1950-களின் தொடக்கத்திலிருந்து பெரும்பாலான இரவுகளில் எதிரே ஆடியது வாஷிங்டன் ஜெனரல்ஸ். அதை நடத்திய ரெட் க்ளோட்ஸ் 1948-ல் பால்டிமோர் புல்லட்ஸோடு சாம்பியன் பட்டம் வென்றவர், சும்மா நிற்க வந்தவர் அல்ல. ஜெனரல்ஸின் வேலை கஷ்டமான வேலை. பந்து தங்கள் கையில் இருக்கும்போது நிஜமாகவே ஆடிக் கூடை போட வேண்டும். 'ரீம்' என்று அணிக்குள் சொல்லப்படும் வேடிக்கைப் பகுதி தொடங்கியதும், துரத்துவது போலத் துரத்தி, ஏமாற வேண்டிய நொடியில் ஏமாற வேண்டும். ஒரு நொடி முன்னால் ஏமாந்தால் நடிப்பு அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஒரு நொடி தாமதித்தால் பந்து பிடுங்கப்பட்டு ரீம் பாழாகும்.

இந்த ஏற்பாடு எப்படிச் சறுக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் 1971 ஜனவரி 5, டென்னசி மாநிலத்தின் மார்ட்டின் என்ற சிற்றூர். ஜெனரல்ஸ் அன்று நியூ ஜெர்சி ரெட்ஸ் என்ற பெயரில் ஆடினார்கள். வேடிக்கையில் மூழ்கிய குளோப்ட்ராட்டர்ஸ் ஸ்கோரைக் கவனிக்கவில்லை. விழித்துப் பார்த்தபோது இரண்டு நிமிடம் பாக்கி, 12 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நிஜ ஆட்டம் ஆடி எட்டிப் பிடித்தாலும், கடைசி நொடிகளில் 50 வயது க்ளோட்ஸ் போட்ட பந்து உள்ளே விழுந்தது. பதிலுக்கு லெமன் போட்டது விழவில்லை. 100-99. தொடர்ந்து 2,495 வெற்றி என்ற வரிசை அன்று அறுந்தது. ஜெயித்தவர்கள் ஷாம்பெய்னுக்குப் பதிலாக ஆரஞ்சு சோடாவைத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள், அரங்கமோ திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. ரீம்களுக்கு நடுவே ஸ்கோரைக் கண்காணிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

அடுத்தது கைவித்தை. ஆட்டம் தொடங்குமுன் ஐந்தாறு பேர் மைதானத்தின் நடுவே வட்டமாக நின்று, விசிலடித்த 'ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்' இசைக்குப் பந்தை முதுகுப்புறம், தோள்மேல், முழங்காலுக்கு அடியில் என்று சுற்றவிடும் மேஜிக் சர்க்கிளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள வித்தைகளில் விரலில் பந்து சுற்றுவதுதான் எல்லோரும் முதலில் முயல்வது, முதலில் கைவிடுவதும் அதுதான்.

பந்து ஏழாம் நம்பர், அதாவது ஆண்கள் ஆடும் அளவு, சுற்றளவு சுமார் 75 சென்டிமீட்டர். காற்று 8 பிஎஸ்ஐ அளவில் இருக்கட்டும், தளர்ந்த பந்து விரலில் பள்ளம் விழுந்து சீக்கிரம் நின்றுவிடும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். பந்தை இரண்டு கையின் விரல் நுனிகளால் பக்கவாட்டில் பிடித்து, முகத்துக்கு நேராகக் கொண்டுவாருங்கள். வலது கையை உங்கள் பக்கமாகவும் இடது கையை எதிர்ப்பக்கமாகவும் ஒரே நேரத்தில் வெட்டித் திருகி, பந்தை ஒரு சாண் உயரம் மட்டும் மேலே விடுங்கள். பந்து சுழலும்போது அதன் காற்றுத் துளையோ எழுத்தோ ஒரே மட்டத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். தள்ளாடினால் ஒரு கை மற்றதைவிட மேலே இருந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சுழற்சி நேராக வரும்வரை விரலில் ஏந்த முயல வேண்டாம், வெறுமனே சுழற்றிப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துப் பழகுங்கள். பெரும்பாலோர் தோற்பது இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான்.

சுழற்சி நேரானதும், ஆள்காட்டி விரலை நேராக நிமிர்த்தி, இறங்கிவரும் பந்தின் அடிப்புள்ளிக்குக் கீழே கொண்டுபோங்கள். பந்து தொடும் நொடியில் கையை இரண்டு மூன்று அங்குலம் தாழ்த்தி வாங்க வேண்டும், விறைப்பாக நிறுத்தினால் பந்து துள்ளி விழும். பந்து ஒரு பக்கம் சரியத் தொடங்கினால் அந்தப் பக்கமே விரலை நகர்த்துங்கள், எதிர்ப்பக்கம் இழுப்பது எல்லோரும் செய்யும் தவறு. பம்பரம் வேகமாகச் சுற்றும்போது நிமிர்ந்து நிற்பது போலத்தான் இதுவும், வேகம் குறையக் குறைய அச்சு ஆடும். வேகத்தைக் கூட்ட மற்றக் கையால் பந்தின் நடுவயிற்றில், சுற்றும் திசையிலேயே, உரசித் தட்டுங்கள். மேலே தட்டினாலும் கீழே தட்டினாலும் பந்து சாயும். நம் ஊர் சிமென்ட் கோர்ட்டில் தேய்ந்து வழவழப்பான ரப்பர் பந்தில் பிடிமானம் குறைவு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆரம்பித்தால் கொஞ்சம் தேவலை.

இன்னொரு வித்தை தாழ் டிரிபிள். மார்க்கெஸ் ஹேன்ஸும், பின்னால் மொட்டைத்தலை ஃப்ரெட் 'கர்லி' நீலும் முழங்காலில் சறுக்கியபடி, படுத்தபடி, எதிரணியில் மூன்று பேர் துரத்த, பந்தைத் தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டே தப்பிப்பார்கள். ஹேன்ஸ் நொடிக்கு ஆறு தட்டு வரை போவார் என்று சொல்வதுண்டு. மனிதக் கை அவ்வளவு வேகமா என்று தோன்றும். ரகசியம் உயரத்தில் இருக்கிறது. இடுப்பளவு எழும்பி விழும் பந்து தானாக ஒரு சுற்று முடிக்க முக்கால் நொடிக்கும் மேல் எடுக்கும். 15 சென்டிமீட்டர் எழும்பினால் நொடிக்கு மூன்று சுற்று கிடைக்கும். மூன்று நான்கு சென்டிமீட்டர் மட்டும் எழும்பினால் நொடிக்கு ஆறு. ஆகவே வேகமாகத் தட்டுவதல்ல, எழும்பவிடாமல் தடுப்பதுதான் வித்தை. உள்ளங்கை படக்கூடாது, விரல் நுனிகள் மட்டும். மணிக்கட்டு ஆடும், முழங்கை ஆடாது. பந்து செத்துப்போய் எழும்பாமல் கிடந்தால், விரலால் பட்டென்று ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி உயிர் வரும், இதைத் தனியாகவே பழக வேண்டும். முழங்காலுக்கு உறை போடாமல் சறுக்கிப் பார்க்காதீர்கள்.

கை தேறிவிட்டால் மட்டும் போதாது, சிரிக்க வைக்கத் தெரிய வேண்டும். அணியின் பழைய ரீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வாளி. ஷோமேன் யாரோடோ சண்டை போட்டு, ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவந்து அவர்மேல் ஊற்றுகிறார். பிறகு இன்னொரு வாளியோடு துரத்துகிறார். துரத்தப்படுபவர் பார்வையாளர் முன்வரிசைக்கு நேராக ஓடி, கடைசி நொடியில் விலகுகிறார். வாளி வீசப்படுகிறது, முன்வரிசை அலறுகிறது, வந்து விழுவது காகிதத் துண்டுகள். எல்லோருக்கும் தெரிந்த ஜோக், ஆனாலும் வேலை செய்கிறது. ஏன்?

முதல் வாளியில் இருந்தது நிஜத் தண்ணீர் என்பதால். அது தெறித்ததை மேல்வரிசையில் இருப்பவரும் பார்த்திருக்க வேண்டும், பார்க்காவிட்டால் இரண்டாவது வாளிக்குப் பயமில்லை. வாளி மாறுவது யார் கண்ணிலும் படக்கூடாது. காகிதம் எடையே இல்லாதது, ஆனால் தூக்கி வருபவர் ஒரு பக்கம் சாய்ந்து, தோள் இறங்கி, தளும்பாமல் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான், கையை லேசாக வீசி வந்தால் முன்வரிசைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும். துரத்தப்படுபவர், ஷோமேன், முன்வரிசை, மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். விலகுவது வாளி பின்னால் இழுக்கப்பட்ட பிறகுதான், அதற்கு முன்னால் விலகினால் குறி மாறிவிட்டது கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். சிந்திய தண்ணீரை ஆட்டம் மறுபடி தொடங்குமுன் சுத்தமாகத் துடைத்தே தீர வேண்டும், ஈரமான மரத்தரையில் ஓடிவந்து டங்க் அடித்து இறங்கினால் முழங்கால் போய்விடும்.

கூட்டத்திலிருந்து குழந்தையை அழைத்து ஆடவைக்கும் பகுதி இதைவிட நுட்பமானது. அம்மாவின் பின்னால் ஒளியும் குழந்தையைக் கூப்பிடக் கூடாது, கையைத் தூக்கிக் குதிக்கும் குழந்தையைத்தான் கூப்பிட வேண்டும். ஷோமேன் குனிந்து குழந்தையின் உயரத்துக்கு வர வேண்டும். அழுதுவிட்டால் கேலியை உடனே தன்மேல் திருப்பிக்கொள்ள வேண்டும்: தடுக்கி விழலாம், பந்தைத் தவறவிடலாம். குழந்தை இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கைக்குப் போக வேண்டும். அடுத்த வசனம் எப்போது என்பதற்கும் ஒரு பழக்கம் உண்டு: சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது பேச வேண்டும். முற்றிலும் அடங்கக் காத்திருந்தால் அரங்கம் ஆறிப்போகும்.

மேடைக்கு வெளியே உள்ள வாழ்க்கை பெரும்பாலும் பஸ்ஸில் கழிகிறது. கர்லி நீல் 1963 முதல் 1985 வரை, 22 சீசனில் 6,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், 97 நாடுகள். வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு 270 ஆட்டத்துக்கும் மேல் வருகிறது. என்பிஏ அணிக்கு வழக்கமான சீசனில் 82. ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் வெவ்வேறு பாதையில் சுற்றும், வட அமெரிக்கச் சுற்றின் நெரிசலான காலம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்குகிறது. விடுமுறை நாட்களில் மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு ஆட்டம் இருக்கும். ஊருக்கு வந்ததும் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ உள்ளூர் வானொலியோ இருக்கும். அரங்கத்தில் முதல் வேலை தரையைச் சோதிப்பது. பிரித்துப் பூட்டும் மரத்தரையில் சில பலகைகள் பந்தை எழுப்பாது, அந்த இடத்தில் டிரிபிள் ரீம் வைத்தால் மானம் போகும். ஆட்டத்துக்கு முன்பே சிறுவர்களை மைதானத்தில் விட்டு விளையாட வைக்கும் நேரம் உண்டு, ஆட்டம் முடிந்ததும் கையெழுத்து போடும் நேரம் உண்டு. பிறகு முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு மறுபடி பஸ்.

முந்தைய தலைமுறைக்கு இந்தப் பயணம் இன்னும் கசப்பானது. 1951-ல் பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் 75,000 பேர் இவர்களைப் பார்க்கத் திரண்டார்கள், அமெரிக்க அரசே அதைத் தன் பெருமையாகக் காட்டிக்கொண்டது. அதே ஆட்டக்காரர்களுக்குச் சொந்த நாட்டின் தென்மாநில ஓட்டல்களில் அறை கிடையாது. சம்பளமும் ஏற்ற இறக்கம்தான். 1958-ல் கல்லூரியை விட்டு வந்த வில்ட் சேம்பர்லினுக்கு ஒரு சீசனுக்கு 50,000 டாலர் அளவில் கொடுத்தார்கள். சாதாரண ஆட்டக்காரருக்கு அப்படியொன்றும் கிடையாது, 1971-ல் ஊதியத்துக்காக வேலைநிறுத்தமே செய்தார்கள்.

வெள்ளைக்காரக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் கறுப்பர் என்ற பிம்பம் பற்றிய விமர்சனமும் பழையது, நியாயமானது. 1956-ல் கல்லூரி நட்சத்திரமான பில் ரஸ்ஸலைச் சேர்க்க வந்த சேப்பர்ஸ்டீன், அவரோடு பேசாமல் அவருடைய பயிற்சியாளரோடு மட்டுமே பேசினார். அவமதிப்பாக உணர்ந்த ரஸ்ஸல் மறுத்துவிட்டு பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போனார். எங்கள் பார்வையில், டேட்டமும் ஹேன்ஸும் ஆடியதைப் பார்க்கும்போது அங்கே முட்டாளாக்கப்படுவது எப்போதும் எதிரணியும் நடுவரும்தான், அவர்கள் அல்ல. ஆனால் நடத்திய விதத்தில் இருந்த குறையை அது மறைத்துவிடாது. 1993-ல் முன்னாள் ஆட்டக்காரர் மேனி ஜாக்சன் அணியையே வாங்கியபோதுதான் உரிமை ஆடியவர் கைக்கு வந்தது. 2002-ல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழரங்கில் முழு அணிக்கும் இடம் கிடைத்தது.

உள்ளே நுழைய உயரம்தான் தகுதி என்று எண்ண வேண்டாம். 2.3 மீட்டரைத் தாண்டிய பால் ஸ்டர்ஜெஸும் ஆடியிருக்கிறார், 1.57 மீட்டர் ஜான்டே ஹாலும் ஆடியிருக்கிறார். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கப் பெண்கள் அணியின் தலைவி லினெட் வுட்டர்ட் 1985-ல் சேர்ந்து, அணியின் முதல் பெண்ணானார். ஹேன்ஸின் கல்லூரியான லாங்ஸ்டன் 1946-ல் குளோப்ட்ராட்டர்ஸையே 74-70 என்று தோற்கடித்தது, அதன்பிறகுதான் அவருக்கு அழைப்பு வந்தது. இன்றைக்குத் தேர்வாளர்கள் கல்லூரி டங்க் போட்டிகளையும் இணைய வீடியோக்களையும் அலசுகிறார்கள்.

வீடியோ எடுத்து அனுப்ப நினைப்பவர் வித்தைகளை மட்டும் அடுக்கக் கூடாது. இரண்டு கையாலும் லே-அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் போடுவது), கூட்டத்தில் பாஸ், தடுப்பாட்டம் என்று முழு ஆட்டம் ஒன்றையும் சேருங்கள். வித்தைப் பகுதியில் கண் பந்தின்மேல் இருக்கக் கூடாது, கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே செய்ய வேண்டும். பந்து கைநழுவிய இடத்தை வெட்டி எறியாமல் ஒன்றிரண்டை அப்படியே விடுங்கள், நழுவிய பந்தை எப்படிச் சிரிப்பாக்கி மீட்கிறீர்கள் என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள்.